செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25
வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் சங்கம், வடசென்னை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கை ரொம்ப நீளம் என்று பலர் குறைப்பட்டீர்கள். அதனால் கூட்ட விவரம், சந்தா பாக்கி, புது உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் தனித் தாளில் கொடுத்துவிட்டோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஸ்டான்லியிலிருந்தும் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்தும் டிஸ்சார்ஜ் ஆகி வருபவர்களை, காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அவர்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது நம் ஆட்கள்தான். வார்டில் வாஷ்பேசின் உண்டு, குப்பைக்கு நிறம் பிரித்த தொட்டிகள் உண்டு, கூப்பிட்டால் சிஸ்டர் வருவார். இங்கே பத்துக்குப் பத்து அறையில் கட்டில், அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இந்த இடத்தில் நோயாளியை ஒழுங்காகப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய.

முடியும் என்று காட்டியதே நம் ஊர்தான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான ஆஸ்பத்திரியில், சேர்த்த நோயாளிகளையும் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஆய்வில் இருந்தவர்கள் எல்லாம் நெருக்கடியான வீட்டு ஏழைகள். நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான் கிடைத்தன. ஆனாலும் 1959இல் வெளியான முடிவில், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. மாத்திரை தவறாமல் உள்ளே போனதுதான் காரியம். அதனால், காசநோயாளி வீடு என்றதும் நழுவப் பார்க்கும் உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன்: கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், நீங்கள் என்95 மாஸ்க் போடுங்கள், நோயாளிக்குச் சாதாரண மாஸ்க் கொடுங்கள், மாத்திரையை உங்கள் கண் எதிரே விழுங்க வையுங்கள். அவர் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. அந்த நோய் காற்றில் வருவது.

இந்த ஆண்டுப் பயிற்சி வகுப்புகளை ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் நடத்தினார். பாதி நேரம் கை கழுவுவதற்கே போனது. எனக்கு அதில் வருத்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் நான்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது: நோயாளியைத் தொடும் முன், புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின். ஐந்தாவதைத்தான் விடுகிறோம். நோயாளியைத் தொடாமல் கட்டில் சட்டத்தையோ டிவி ரிமோட்டையோ தொட்டாலும் கழுவ வேண்டும். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. கையுறை போட்டிருந்தேனே என்பது கணக்கில் வராது, கழற்றியதும் கழுவணும். லாரித் தண்ணீர் வராத நாளில் என்ன செய்வது என்று கேட்டார்கள். பக்கெட்டில் கையை முக்குவது கழுவியதாகாது, யாரையாவது ஒரு சொம்பு ஊற்றச் சொல்லுங்கள் என்றார் சிஸ்டர்.

1847இல் வியன்னாவில் பிரசவ வார்டு டாக்டர் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை அறையிலிருந்து வருபவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் தாய்மாரைத் தொட வேண்டும் என்றார். சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் அவர் மேல் கோபப்பட்டார்கள். அவர்களே அப்படி என்றால், "என் கை சுத்தமாத்தான் இருக்கு" என்று வீட்டு மருமகள் நம்மிடம் முகம் சுளிப்பதில் என்ன ஆச்சரியம்!

யூரின் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. இன்சுலின் ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டக்கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே போட்டால் குத்துப்படுவது துப்புரவுத் தொழிலாளி. நமக்கே குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

இனி, சங்கத்துக்கு வந்த புகார்கள். கை சுத்தமில்லை என்று ஒன்றுகூட வரவில்லை. வந்தவை எல்லாம் வாயைப் பற்றியவை. ஒரு வீட்டு அம்மாவுக்கு என்ன நோய் என்பது தெருக் குழாயடி வரை போய்விட்டது. இன்னொருவர் படுக்கைப்புண்ணைப் படம் எடுத்து, சந்தேகம் கேட்கிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனால் படத்தில் முகமும் தெரிந்தது, நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எச்.ஐ.வி. விஷயத்தில், நோயாளியின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மற்ற நோய்க்கும் நாம் அதே கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

இதைவிடச் சிக்கலானது ஒன்று. அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லாதீங்க என்கிறார்கள் பிள்ளைகள், அவரோ ராத்திரி நம்மைக் கூப்பிட்டு, "எனக்கு என்னம்மா?" என்கிறார். நோயை அறிவிப்பது நம் வேலையில்லை. அதற்காக, ஒன்றுமில்லை என்று பொய் சொல்வதும் சரியில்லை. "டாக்டர்கிட்டயே கேட்கலாம் ஐயா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்டதைக் காலையில் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. சிலருக்கு இதில் உடன்பாடில்லை, பேசுவோம். ராத்திரியில் பிதற்றும் முதியவரின் கையைக் கட்டிலோடு கட்டச் சொன்னால், டாக்டர் உத்தரவு இல்லாவிட்டால் மறுத்துவிடலாம். வேலை போனால் சங்கம் துணை நிற்கும்.

இன்று இரண்டு தீர்மானங்கள் ஓட்டுக்கு வருகின்றன. ஒன்று, உறுப்பினர் அனைவருக்கும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று தவணைக்கும் சங்க நிதியிலிருந்து பணம் தருவது. இரண்டாவது, நோயாளி படம் எதுவும் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பது. அப்புறம் செயற்குழுத் தேர்தல். மனுக் கொடுக்காதவர்கள் தேநீர் இடைவேளைக்குள் கொடுத்துவிடவும்.