கடற்கரை வீதியின் கதையைக் கரையில் இருப்பவர்கள் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோட்டை, பண்ணை, குருநகர், பாசையூர், கொழும்புத்துறை என்று கடலோரமாகவே சுற்றுலாப் பயணிகளைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவது யாழ்ப்பாணத்தில் இப்போது கூடி வருகிறது. சில குழுக்கள் கோட்டையடியில் வெளிக்கிட்டுக் கிழக்கே வரும். சில குழுக்கள் கொழும்புத்துறையில் தொடங்கி, பொழுதுபடப் பண்ணைக்குப் போய்ச் சேரும். எந்தப் பக்கத்தால் வந்தாலும் என் கடையைக் கடந்துதான் போகவேண்டும். பாசையூரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. யாருக்காவது காற்றுப் போனால், செயின் கழன்றால் என்னிடம்தான் வருவார்கள். ஒட்டுப் போட்டு முடியும் வரைக்கும் வழிகாட்டி என்ன சொல்கிறார், வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் என் காதில் விழும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இந்தச் சுற்றுலா எங்களுக்கு வேண்டும். வான் வண்டியில் வருகிறவர்கள் நல்லூருக்கும் நயினாதீவுக்கும் கீரிமலைக்கும் போய்விட்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். சைக்கிளில் வருகிறவர்தான் ஒழுங்கைக்குள் நுழைவார், தேத்தண்ணிக் கடையில் இறங்குவார், எங்கள் முகத்தைப் பார்த்துக் கதைப்பார். நகரத்துக்குள் கரையோரத்தை இப்படிக் கிட்ட நின்று பார்க்க வேறு நல்ல வழி இல்லை. எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, அவர்களுக்குக் கதை சொல்பவர்கள் யார் என்பதுதான்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு நாள் பின்னேரம், கொழும்புத்துறையில் இருந்து பண்ணைக்குப் போகும் குழு ஒன்று என் கடையில் நின்றது. பின் சில்லில் நெருஞ்சி முள். ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்தி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளை ஒன்றும் இருந்தது. அது தட்டித் தடவித் தமிழில் வழிகாட்டியிடம் கேட்டது: "கரையூர் எங்கே இருக்கு? என்ர அம்மம்மா அங்கதான் பிறந்தவ." வழிகாட்டி கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு இடம் இந்தப் பக்கத்தில் இல்லை என்று சொன்னார். கரையூர் என்பது குருநகரின் பழைய பெயர். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் அதற்குள்ளால்தான் போகப்போகிறார்கள். நான் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. குருநகரில் இறங்கி, ஒரு வயதான ஆளிடமாவது அம்மம்மாவின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்று கெஞ்சியது. எதிர்காற்றில் ஏற்கெனவே பிந்திவிட்டது, சூரியன் மறைவதற்கு முன்னர் பண்ணைக்குப் போகாவிட்டால் படம் எடுக்கமுடியாது என்று வழிகாட்டி மறுத்துவிட்டார்.

அந்தத் தம்பியில் நான் குறை சொல்லமாட்டேன். வேறு மாவட்டத்தில் இருந்து வேலைக்கு வந்தவர், நிறுவனம் கொடுத்த தாளைப் பாடமாக்கியிருக்கிறார். அந்தத் தாளில் கோட்டையைப் பற்றி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள், 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டதையும் 97 ஆயிரம் வரையான நூல்கள் சாம்பலானதையும் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் கடற்கரை வீதிக்குள் வந்ததும் தாள் முடிந்துவிடுகிறது. "இது மீனவர்கள் வாழும் இடம், ஏழைகள், காலையில் மீன் பிடிப்பார்கள்" என்ற மூன்று வசனத்தோடு குருநகரும் பாசையூரும் கடந்துபோய்விடும்.

குருநகரில் சொல்ல ஒன்றுமே இல்லையா? 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த குருநகர்க் கடற்றொழிலாளர்கள் 30 இற்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். வருடாவருடம் அந்த நாளில் ஊர் கூடி விளக்கேற்றுகிறது. 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயத்தில் விமானக் குண்டு விழுந்தது. அதே ஆலயத்தைத்தான் பயணிகள் அழகான கோபுரம் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எல்லாக் குழுவுக்கும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். சொல்வதாக இருந்தால் சைக்கிளை நிறுத்தி, இறங்கி நின்று, அந்த இழப்பை அறிந்த ஒருவர் சொல்லவேண்டும். ஓடிக்கொண்டே கையைக் காட்டிச் சொல்லும் விசயம் இல்லை இது.

துக்கம் மட்டும்தான் எங்கள் கதை என்றும் யாரும் நினைக்கவேண்டாம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஆடும் தென்மோடி என்ற நாட்டுக்கூத்தைப் பற்றி ஒரு வழிகாட்டியும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. உதைபந்தாட்டம் என்றால் குருநகரும் நாவாந்துறையும் பாசையூரும் எப்படிக் கொதிக்கும் என்பதையும் சொல்வதில்லை. ஆனி மாதம் பாசையூர் அந்தோனியார் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வரும், சைவக்காரரும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். கொழும்புத்துறையில் யோகர் சுவாமி என்ற ஞானி இருந்த இடத்தைக்கூடப் பல குழுக்கள் பார்க்காமலே திரும்புகின்றன.

பாசையூர்ச் சந்தைக்கு விடியவெள்ளன வந்து பாருங்கள். நண்டு வலை கரைக்கு வந்ததும் குடும்பமாக இருந்து கழற்றுவார்கள். நீலக்கால் நண்டின் பின்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடித்து, கவ்விய காலில் இருந்து நூலை ஒவ்வொரு சுற்றாக எடுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கால் முறியும், முறிந்தால் விலை விழும். நூலை அறுத்தால் வலை போச்சு. கடகடவென்று அதைச் செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு குடும்பக் கதையும் கதைப்பார்கள். அந்த நண்டில் ஒரு பங்கு தொழிற்சாலைக்குப் போய், பதப்படுத்தி, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. தன் நாட்டில் நண்டு சாப்பிடும் வெள்ளைக்காரருக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார். இன்னொரு பக்கத்தில் ஏலம் கூறுபவரின் குரல். கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் அங்கே நிற்பார்கள். ஆனால் பயணிகளைக் கொண்டுவருவது சந்தை கலைந்து, சீமெந்துத் தரையைக் கழுவிவிட்ட பிறகுதான்.

வந்தாலும் கேட்காமலே படம் எடுக்கிறார்கள். நண்டு கழற்றும் அக்காமார் முகத்தைத் திருப்புவதை நான் கண்டிருக்கிறேன். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டா?" என்று ஊர்ப் பெடியன் ஒருவன் கேட்டால் அவர்கள் சிரித்துக்கொண்டு சரி என்பார்கள், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்பார்கள். தெரிந்த ஆள் கேட்பதற்கும் தெரியாத ஆள் கமராவை நீட்டுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். இது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கால் அடிக்கும். பின்னேரத்தில் வலுக்கும். அந்தக் காலத்தில் கொழும்புத்துறையில் இருந்து பண்ணைக்கு மிதிப்பது என்றால் முழுக்க எதிர்காற்று. பாதி வழியில் வயதானவர்கள் களைத்து, வானைக் கூப்பிடுகிறார்கள். விடியக் கோட்டையடியில் வெளிக்கிட்டால் காற்று முதுகில் தள்ளிவிடும். சந்தை நேரத்துக்குப் பாசையூருக்கும் வந்துவிடலாம். திரும்பும்போது சுண்டுக்குளி, பழைய பூங்கா என்று உள்வீதியால் போனால் மதிலும் மரமும் காற்றை மறிக்கும். மாரியில் வடகிழக்கால் வாடைக்காற்று அடிக்கும்போது மறுபக்கமாக ஓடுவதுதான் சுகம். அந்த மாதங்களில் அரியாலைப் பக்கக் கடலில் பூநாரை நிற்பதையும் காட்டலாம். இங்கே இருக்கும் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கொழும்பில் இருந்து நேர அட்டவணை போடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

சைக்கிளில் வந்து யாழ்ப்பாணம் பார்ப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தின் சைக்கிள் கதையை யாருமே சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம். 1990 ஆனியில் சண்டை தொடங்கிய பிறகு மின்சாரம் இல்லை. பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மிச்ச எல்லாம் சைக்கிள்தான். நோயாளி, விறகு, அரிசி மூட்டை, மணப்பெண் எல்லாம் கரியரில் போன காலம். ரயர் வெடித்தால் புது ரயர் கிடையாது. வெடித்த இடத்துக்குள்ளே பழைய ரயர்த் துண்டு ஒன்றை வைத்து, வெளியால் நூல் போட்டுத் தைத்துக் கொடுப்பார் அப்பா. பின்னேரமானால் கடை வாசலில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவில் இருந்து வானொலிக்கு வயர் கொடுப்போம். செய்தி முடியும் வரை பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. சுற்று குறைந்தால் குரல் இழுபடும், சுற்றி நிற்கிற பெரியவர்கள் ஏசுவார்கள். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் சனம் நாவற்குழிப் பக்கம் உருட்டிக்கொண்டு போனதும் சைக்கிளைத்தான். 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது வீடுகளில் மூலைக்குள் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் திரும்ப என் கடைக்கு வந்தன. சைக்கிள் சுற்றுலாவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை என்ன இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இதுதான். கரையோரத்தில் ஓடும் குழுவுக்கு வழிகாட்டி கரையோர ஊரவராக இருக்கவேண்டும். வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. நாடு முழுவதற்குமான வழிகாட்டியைத் தவிர, ஒரு பிரதேசத்துக்கு மட்டும், ஓர் இடத்துக்கு மட்டும் என்ற வகைகளும் அதில் உண்டு. அந்தப் பயிற்சியை யாழ்ப்பாணத்திலேயே, தமிழில் வைத்து, குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, நாவாந்துறை இளைஞர்களையும் யுவதிகளையும் சேர்க்கும்படி அதிகார சபையும் மாநகர சபையும் ஒழுங்குசெய்யவேண்டும். கடலுக்குப் போய்வந்த பிறகு ஒரு பெடியனுக்கு இரண்டாவது வருமானம். கணவனைக் கடலில் இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு தொழில். ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுக்கும் வீடுகளுக்கும் நாலு காசு சேரும். ஆங்கிலம் போதாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தை ஆறு மாதத்தில் பழக்கலாம். ஊரை ஆறு மாதத்தில் பழக்கமுடியாது.

மேற்குப் பக்கத்துக்கும் இதே நியாயம்தான். நாவாந்துறை, காக்கைதீவு வழியாகவும் சைக்கிள் ஓட்டலாம். முஸ்லிம் மக்களின் சோனகதெருவுக்குள்ளாலும் போகலாம். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பி வந்த முஸ்லிம் மக்களின் கதையை அவர்களில் ஒருவர் சொல்லட்டும். அதை நாங்கள் சொல்வது முறையில்லை.

சுற்றுலா நிறுவனங்களுக்கு ஒரு தொழில்முறை விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். கியர் போட்ட விலையான சைக்கிள்களை வாங்கி, கடற்காற்றில் வெளியே விட்டுவைக்கிறீர்கள். உப்பு ஏறி, செயின் துருப்பிடித்து, பிறேக் வயர் இறுகி வருகின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஒரு ரியூப்பும் பம்பும் குழுவோடு போகவேண்டும்.

இளைஞர்களுக்குப் பயிற்சி தொடங்குவதாக இருந்தால் ஒட்டுப் போடுவது, பிறேக் இறுக்குவது, சில்லு நேர் பார்ப்பது எல்லாம் நான் காசு வாங்காமல் பழக்கிவிடுகிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் விடிய ஏழு மணிக்குக் கடை திறந்திருக்கும். பொறுப்பானவர்கள் வந்து கதைக்கலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
கடற்கரை வீதி, பாசையூர்,
யாழ்ப்பாணம்.