வயதா காரணம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாலிவுட் நடிகர் சில்வஸ்டர் ஸ்டாலோன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாற்பதைத் தாண்டினால் அடிதடி நாயகர்களுக்கு இறங்குமுகம்தான் என்கிறார் கட்டுரையாளர். ஸ்டாலோன் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. நாற்பதுகளில் சறுக்கியவர் அறுபதில் அல்லவா எழுந்தார்!

1975இல் குத்துச்சண்டையில் முகமது அலியுடன் மோதிய சக் வெப்னர் கடைசிச் சுற்று வரை தாக்குப்பிடித்ததைப் பார்த்துத்தான் ‘ராக்கி’ படக் கதையை ஸ்டாலோன் எழுதினார். கதைக்குப் பெருந்தொகை தரத் தயாரிப்பாளர்கள் முன்வந்தார்கள். ஆனால் பெயர்பெற்ற நடிகர்தான் நடிக்க வேண்டும் என்றார்கள். காசில்லாத நிலையிலும் ஸ்டாலோன் மசியவில்லை. சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அதன் நாயகன் இறுதிப் போட்டியில் தோற்கிறான். கட்டுரையில் இது ஏனோ இடம்பெறவில்லை.

‘ராம்போ’வும் அப்படித்தான் தொடங்கியது. 1982இல் வந்த முதல் படத்தில், வியட்நாம் போரால் மனம் சிதைந்தவன் கடைசியில் குழந்தைபோல் விம்மி அழுகிறான். மூன்றே ஆண்டுகளில் அவன் தனியாளாகப் படைகளையே அழிப்பவனாகிவிட்டான். வசூல் கொட்டியது, உண்மைதான். ஆனால் எதற்கும் அசையாத ஆளை எத்தனை படத்துக்குப் பார்ப்பது?

பிறகு நகைச்சுவைக்குத் தாவினார். 1992இல் தாயும் மகனுமாகத் துப்பறியும் ஒரு படம். அதில் நடிக்கத் தனக்கு ஆசை என்று இன்னொரு அடிதடி நாயகரான அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் போக்குக் காட்ட, போட்டிக்காகவே இவர் அதில் போய் மாட்டிக்கொண்டாராம். இருவருமே பின்னாளில் சிரித்தபடி சொன்ன கதை இது. மறு ஆண்டே ‘கிளிஃப்ஹேங்கர்’ அவரைக் கரைசேர்த்தது. அதில் அவர், கைநழுவி ஒரு பெண் மலையிலிருந்து விழுந்துவிட்ட குற்ற உணர்வைச் சுமப்பவர்.

கட்டுரையாளர் 1997இல் வந்த ‘காப் லேண்ட்’ படத்தை ஒரு வரியில் கடந்துவிட்டது எனக்குப் பெரிய குறை. சுமார் 18 கிலோ எடை கூடி, தொப்பையும் தளர்ந்த நடையுமாக, ஒரு காது கேட்காத சிற்றூர் ஷெரிப்பாக (காவல் தலைவராக) வருகிறார். ராபர்ட் டி நிரோ, ஹார்வி கைட்டல் போன்றவர்களுக்கு நடுவே கூனிக் குறுகி நிற்கும் அந்த மனிதரிடம் ராக்கியின் சாயல் இல்லையா? விமர்சகர்கள் பாராட்டினார்கள், வாய்ப்புகள் மட்டும் வரவில்லை. இதற்கு வயதைவிட ஹாலிவுட்டின் சோம்பேறித்தனமே காரணம் என்பேன். உடம்பைக் காட்டாத ஸ்டாலோனை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

2006இல் ‘ராக்கி பால்போவா’வை அவரே எழுதி இயக்கி நடித்தார். அதிலும் நாயகன் தோற்கிறான், படம் வென்றது. 2015இல் ‘கிரீட்’ படத்தில் புற்றுநோயாளியான கிழ ராக்கி.

ஒரு திருத்தமும் உண்டு. அந்த வேடத்துக்காக அவர் ஆஸ்கர் பெற்றதாக அச்சாகியிருக்கிறது. அவருக்குக் கிடைத்தது கோல்டன் குளோப்; ஆஸ்கர் நடிகர் மார்க் ரைலன்ஸுக்குப் போயிற்று. அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்