அந்த த்ரெட் ஏன் எழவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன்

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து இருபது நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். மற்ற நேரம் முழுவதையும் ஒரே ஒரு பிழை தின்றுவிட்டது.

நாங்கள் எழுதும் லினக்ஸ் டிரைவரில் (ஒரு ஹார்ட்வேர் கார்டை இயக்கும் புரோகிராம்) ஒரு கெர்னல் த்ரெட் உண்டு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. கார்டிலிருந்து டேட்டா வந்தால் எடுத்துக் கொடுக்கும், வராவிட்டால் தூங்கும், இன்டரப்ட் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) வந்து எழுப்பும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, வரிசையில் டேட்டா காத்துக்கிடக்கும்போதே இது எழாமல் கிடக்கும். என்னவென்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட்கே (கெர்னலுக்குள்ளிருந்து செய்தி அச்சிடும் வரி) போட்டால் பிழையே வராது, எடுத்துவிட்டால் திரும்ப வரும்.

விஷயம் இதுதான். த்ரெட் முதலில் வரிசையைப் பார்க்கிறது, காலி. அப்புறம்தான் தன் நிலையைத் தூக்கம் என்று மாற்றிக்கொண்டு ஷெட்யூலை, அதாவது சிபியுவை அடுத்த த்ரெட்டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷனை, கூப்பிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு சிபியுவில் இன்டரப்ட் வந்து, டேட்டாவைப் போட்டு, எழுப்பியும் விடுகிறது. ஆனால் த்ரெட் இன்னும் விழித்துத்தானே இருக்கிறது, அந்த எழுப்புதல் வீணாகிவிடுகிறது. அடுத்த கணம் அது படுத்துவிடுகிறது. இருப்பதை எடுக்காதவரை கார்டு அடுத்த இன்டரப்ட் அனுப்பாது, அதனால் எழுப்ப ஆளே இல்லை. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் லாக் இல்லையா என்று கேட்பாய். வரிசையில் போடவும் எடுக்கவும் இருந்தது, காலியா என்று மட்டும் லாக் இல்லாமல் பார்த்தோம்.

சந்தேகம் வந்ததும் அந்த இடைவெளியில் வேண்டுமென்றே 200 மைக்ரோசெகண்ட் தாமதம் வைத்தேன், நாள்கணக்கில் காத்திருந்த பிழை பத்து நிமிடத்தில் வந்து நின்றது! ஒரு செகண்டுக்கு ஒருமுறை தானாக எழும்படி டைம்அவுட் போட்டுவிடலாம் என்று குழுவில் சொன்னார்கள். நான் விடவில்லை. அது பிழையை மூடிவைப்பது, பூட்டப்பட வேண்டிய கதவு திறந்தேதான் இருக்கும்.

திருத்தம் மூன்று வரிதான்: முதலில் நிலையைத் தூக்கம் என்று மாற்று, அதன் பிறகு வரிசையைப் பார், டேட்டா இருந்தால் நிலையைத் திரும்ப மாற்றிக்கொள். நடுவில் எழுப்பினால் நிலை ஓட்டத்துக்குத் திரும்பிவிடும், ஷெட்யூல் தூங்கவிடாது. இதிலும் ஒரு குழி இருக்கிறது. எழுதியது வெளியே தெரிவதற்கு முன்பே அடுத்த படிப்பை எக்ஸ்86 சிபியுகூட முடித்துவிடும், அதனால் இவை முன்பின் மாறாமல் தடுக்கும் மெமரி பேரியர் நடுவில் கட்டாயம். நிலையை மாற்றும் செட் கரன்ட் ஸ்டேட்டில் அது இருக்கிறது, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட வடிவத்தில் இல்லை. முதல் திருத்தத்தில் நான் போட்டது அந்த இரண்டாவதை.

2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு த்ரெட், மெமரியில் உள்ள ஒரு பக்கத்தைத் தூக்கிப்போடு என்று மேட்வைஸ் வழியாகக் கெர்னலிடம் சொல்லிக்கொண்டே இருக்கும், இன்னொன்று அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கும், நடுவில் சிக்கிய கணத்தில் படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலில் எழுதிவிடலாம். பதினோரு வருடம் முன்பே தான் ஒருமுறை அதைத் திருத்தப் பார்த்ததாகவும், ஐபிஎம்மின் எஸ்390 மெயின்ஃப்ரேமில் வந்த சிக்கலால் அது திரும்பப் பெறப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தத் திருத்தத்தோடு எழுதியிருந்தார். அவ்வளவு காலம் ஒரு சின்ன இடைவெளி மூடப்படாமலே கிடந்திருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்னும் திக்கென்று இருக்கிறது.

சரி, வாரம் ஒருமுறை தொங்குகிறது என்று எழுதியிருந்தாயே, உன் புரோகிராம். அதில் த்ரெட் தூங்கப்போகும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பு, ஞாயிறு உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்