செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மசோதா விளக்கப் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் புரட்டாசிப் பூசையும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதி, தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களை எளிய தமிழில் எழுதித் தரும் பணியைப் பற்றியது. ஆண்டு முழுவதும் உறுப்பினர்கள் அதிகம் விசாரித்தது அதைத்தான்.

இந்த வேலை சங்கத்துக்கு எதற்கு என்று சென்ற கூட்டத்தில் கேட்டவர்களுக்கு முதலில் பதில். சட்டம் இயற்றும்போது பொதுமக்களைப் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்பது தேசிய அவைக்கும், நாடாளுமன்றத்தின் இரண்டாவது அவையான மாகாணங்களின் தேசிய மன்றத்துக்கும், மாகாணச் சட்டமன்றங்களுக்கும் விதிக்கப்பட்ட கடமை. அரசியலமைப்பின் 59, 72, 118 ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மாகாணங்களின் மன்றம் மக்கள் கருத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்ற காரணத்துக்காகவே 2006-இல் இரண்டு சுகாதாரச் சட்டங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. 2016-இல் நில மீட்புத் திருத்தச் சட்டமும் 2023-இல் பாரம்பரியத் தலைவர்கள், கோய்சான் பூர்வகுடித் தலைவர்கள் பற்றிய சட்டமும் அதே குறையால் விழுந்தன. அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்கு மதிப்புத் தேடித்தர வேண்டும் என்கிறது. ஆனால் மசோதாவைத் தமிழில் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் விளக்கத்தாள் போய் நிற்கிறது.

எந்த வரைவை விளக்குகிறோம்

விளக்கத்தாள் கெட்டுப்போவது பெரும்பாலும் மொழியால் அல்ல, தவறான வரைவை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவதால். ஒரு மசோதா அவையில் வைக்கப்படும்போது அதற்கு எண் வரும். திருமண மசோதாவுக்கு ‘பி 43—2023’ (முன்னால் உள்ள ‘பி’, ‘பில்’ என்பதன் முதலெழுத்து மட்டுமே). நாடாளுமன்றக் குழு திருத்தம் செய்தால் திருத்தங்களின் பட்டியல் மட்டும் எண்ணுக்குப் பின் ‘ஏ’ என்ற எழுத்தோடும், திருத்தம் சேர்ந்த முழு உரை ‘பி’ என்ற எழுத்தோடும் அச்சாகும். இரண்டாவது அவையும் திருத்தினால் ‘சி’, ‘டி’ என்று நீளும். கடைசி எழுத்தைப் பார்க்காமல் எழுதிய தாள், எடுத்துவிட்ட கூறு (மசோதாவின் பிரிவு) ஒன்றை இன்னும் இருப்பதாகச் சொல்லி மக்களைக் கூட்டத்துக்கு அனுப்பிவிடும். அங்கே எழுந்து பேசுகிறவர்தான் தலைகுனிய நேரும். ஆகையால் நம் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் மசோதா எண்ணும் எழுத்தும் தேதியும் பெரிய எழுத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் போன படத்தைத் திரும்பப் பெற முடியாது. எண்ணாவது அதன் நெற்றியில் இருக்கட்டும்.

இரண்டாவது கண்ணி, திருத்த மசோதாவின் அச்சு முறை. பழைய சட்டத்திலிருந்து நீக்கும் சொற்களைத் தடித்த எழுத்தில் சதுர அடைப்புக்குள் போடுகிறார்கள். புதிதாகச் சேர்க்கும் சொற்களுக்கு அடிக்கோடு. பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் அடிக்கோடு காணாமல் போகும், தடிமனும் போகும். சில தொலைபேசிகளில் அடைப்பும் போகும். பிறகு நீக்கியதும் சேர்த்ததும் ஒரே வாக்கியமாகக் கலந்து, சட்டம் சொல்லாத ஒன்றைச் சொல்லும். வெட்டி ஒட்டிய உரையிலிருந்து யாரும் மொழிபெயர்க்கக் கூடாது, அச்சடித்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது இதனால்தான்.

படிக்கும் வரிசையும் முக்கியம். முதல் பக்கத்தில் எந்த அமைச்சரின் மசோதா, எந்தப் பிரிவின்கீழ் வருகிறது, எந்த மொழி உரை அதிகாரபூர்வமானது என்பதெல்லாம் இருக்கும். அரசியலமைப்பின் 75-ஆம் பிரிவு என்றால் மாகாணங்களைப் பாதிக்காத சாதாரண மசோதா. 76 என்றால் மாகாணங்களைப் பாதிப்பது. பின்னதில் மாகாணங்களின் மன்றத்தில் மாகாணத்துக்கு ஒரு வாக்கு, ஒன்பதில் ஐந்து வேண்டும். அதற்காக ஒவ்வொரு மாகாணச் சட்டமன்றமும் கருத்துக் கேட்கும். நமக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள குவாசூலு-நட்டால் சட்டமன்றம். இந்த வகைப்பாட்டில் நாடாளுமன்றமே தவறியிருக்கிறது: 76-இல் போக வேண்டிய சமுதாய நில உரிமைச் சட்டத்தை 75-இல் நிறைவேற்றியதால் 2010-இல் முழுச் சட்டமும் செல்லாமல் போயிற்று. முதல் பக்கத்துக்கு அடுத்து நேரே கடைசிக் கூறுக்குப் போங்கள். எப்போது நடைமுறைக்கு வரும் என்பது அங்கே இருக்கும். அதன் பின் ரத்தாகும் சட்டங்களின் அட்டவணை, பிறகு சொல்விளக்கக் கூறு, அதற்குப் பிறகே நடு உடல். பின்னால் சேர்த்திருக்கும் நோக்கக் குறிப்பு வாசிக்க இதமாக இருக்கும். அது மசோதாவைக் கொண்டுவந்த துறை எழுதியது, அவையில் வைத்த முதல் வரைவுக்காக எழுதியது. அதை மட்டும் மொழிபெயர்த்தால் துறையின் பேச்சாளர் வேலையைத்தான் பார்த்திருப்போம்.

எழுதும் முறை

ஏ4 தாளில் இரண்டு பக்கம், 14 புள்ளி எழுத்து. அதற்கு மேல் போனால் வயதானவர்கள் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது, மசோதா என்ன மாற்றுகிறது, யாருக்கு அது பொருந்தும் என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கூறு எண். எண் போட முடியாத வரி ஏதும் இருந்தால் அது நம் கருத்தாகத்தான் இருக்கும், நீக்கிவிடுவோம்.

வாக்கியத்தில் யார் செய்ய வேண்டும் என்பது தெரிந்தே ஆக வேண்டும். ‘பதிவு செய்யப்பட வேண்டும்’ என்று எழுதிவிட்டால் மணமக்களா, சடங்கு நடத்திய ஐயரா, உள்துறை அலுவலகமா என்று தெரியாது. அலுவலகத் தமிழ் இந்த இடத்தில் நம்மைச் சுகமாக ஏமாற்றும். அதேபோல் ‘செய்யலாம்’ என்று மசோதா சொல்வதை ‘செய்வார்கள்’ என்று எழுதுவது பெரிய பிழை. நில எடுப்புச் சட்டத்தின் 12(3)-ஐப் பாருங்கள். பொதுநலனுக்காக நிலம் எடுக்கும்போது, எல்லாச் சூழ்நிலைகளையும் கருதி, இழப்பீடு ஏதுமின்றி எடுப்பது நியாயமாக ‘இருக்கலாம்’ என்பதுதான் உரை. ஊரில் உலவிய பதிப்பு ‘வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்’. எதிர்க்க விரும்புகிறவர்களுக்கும் சரியான வாசகம்தான் பயன்படும். இல்லாத வாசகத்தை எதிர்த்து எழுதிய மனுவைக் குழு ஒரு வரியில் ஒதுக்கிவிடும்.

எழுதி முடித்த தாளை இருவர் பார்க்கிறார்கள். ஒருவர் ஆங்கில உரையோடு வரிக்கு வரி ஒப்பிடுவார். மற்றவர் மசோதாவைப் படிக்காதவர், தாளை மட்டும் படித்துவிட்டுத் தனக்குப் புரிந்ததை வாயால் சொல்வார். இரண்டாமவர் கண்டுபிடிக்கும் ஓட்டைகளே அதிகம். நம்மில் பலருக்குத் தமிழ் காதுக்குப் பழக்கம், எழுத்து பழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு தாளும் நான்கு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவாகவும் போகிறது. பிள்ளைகளுக்காக எளிய ஆங்கிலப் பதிப்பும் உண்டு. மசோதா எண்ணைக் குரலிலும் சொல்ல வேண்டும் என்பதைப் பதிவு செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இனி மறக்க வேண்டாம்.

இவ்வாண்டு வந்த கேள்விகள்

அதிகம் கேட்கப்பட்டது தேசிய சுகாதாரக் காப்பீடு. 2024 மே 15-இல் கையொப்பமான சட்டம் அது. கையொப்பம் ஆனதுமே ‘மெடிக்கல் எய்டை (தனியார் மருத்துவத் திட்டத்தை) நிறுத்திவிடலாமா’ என்று கேட்டார்கள். நிறுத்த வேண்டாம் என்று சொல்லக் கடைசிப் பிரிவே போதும்: குடியரசுத் தலைவர் அரசிதழில் அறிவிக்கும் நாளில்தான் அது நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாளும் குறிக்கலாம். தனியார் திட்டங்களைத் தொடும் 33-ஆம் பிரிவும், காப்பீடு முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டதாக அமைச்சர் விதிகள் மூலம் தீர்மானித்த பிறகே வேலை செய்யத் தொடங்கும். அதன் பின் அத்திட்டங்கள், தேசிய சுகாதாரக் காப்பீட்டு நிதியம் தராத சேவைகளுக்கு மட்டும் துணைக்காப்பு தரலாம். சட்டம் நிறைவேறுவது ஒன்று, கையொப்பமாவது ஒன்று, நடைமுறைக்கு வருவது மற்றொன்று. மூன்றுக்கும் தனித்தனித் தேதி போடாத தாள் மக்களை அவசரத்தில் தள்ளும்.

பெலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் இதற்கு நல்ல பாடம். 2024 செப்டம்பர் 13-இல் கையொப்பம். சேர்க்கை, மொழிக் கொள்கை பற்றிய 4, 5 ஆம் கூறுகள் மட்டும் மூன்று மாதம் பேச்சுவார்த்தைக்காக நிறுத்திவைக்கப்பட்டன. டிசம்பர் 24-இல் முழுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முதல் வகுப்புக்கு முந்தைய தரம் ஆர் வகுப்பு இப்போது கட்டாயம். காரணமின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கான சிறைத் தண்டனையின் உச்ச வரம்பு ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாயிற்று. வீட்டில் கற்பிக்கிறவர்கள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் பதிவு செய்ய வேண்டும். மொழிக் கொள்கை பற்றிய நம் தாளைப் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் உறுப்பினர்கள் மீண்டும் படிக்கவும். குழு வகுக்கும் மொழிக் கொள்கைக்குத் துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்பது அவர்களுக்கு நேரே பொருந்தும்.

திருமண மசோதாவுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம், அதற்குக் காரணம் உண்டு. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு, கிறித்தவ முறையிலோ பதிவிலோ நடக்காத திருமணங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. அதற்கும், ஒப்பந்தம் முடிந்து தங்கிய இந்தியர்கள்மேல் விதித்த மூன்று பவுன் வரிக்கும் எதிராகச் சிறை போனவர்களில் நம் பெண்கள் பலர். வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டவர். 1914-இன் இந்தியர் நிவாரணச் சட்டம் சிலவற்றைச் சரிசெய்தது, எல்லாவற்றையும் அல்ல. இன்றுள்ள 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, இந்திய சமயச் சடங்குப்படி மணம் நடத்தும் ஒருவரை அமைச்சர் திருமண அலுவலராக நியமிக்கலாம். நியமனம் இல்லாத ஐயர் தாலி கட்டவைத்து, பதிவும் நடக்கவில்லை என்றால் அது அந்தச் சட்டப்படி திருமணம் ஆகாது. உயில் இல்லாமல் கணவர் இறந்தால், ஒருதார இந்துத் திருமணத்தின் மனைவியும் வாரிசுதான் என்று டர்பன் உயர்நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் அதே நீதிமன்றம் பதிவில்லாத இந்துத் திருமணத்துக்கு விவாகரத்துத் தர மறுத்த வழக்கும் உண்டு. 2024-இன் விவாகரத்துத் திருத்தச் சட்டம் முஸ்லிம் திருமணங்களைச் சேர்த்துக்கொண்டது, இந்துத் திருமணத்தைச் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் 2023 டிசம்பரில் வந்த மசோதா. 1961, 1998, 2006 ஆகிய மூன்று திருமணச் சட்டங்களின் இடத்தில் ஒரே சட்டம். இருவருக்கும் 18 வயது, விலக்கு இல்லை. 2024 மே 29 தேர்தலோடு அந்த அவையின் காலம் முடிந்ததால் மசோதா காலாவதியாகி, புது அவை அதை மீண்டும் எடுத்துக்கொண்டது. காலாவதி என்று கேள்விப்பட்டதும் பலர் கோப்பை மூடிவிட்டார்கள். மூட வேண்டாம். ஏற்கெனவே சடங்கு மட்டும் நடந்த தம்பதிகளின் நிலை என்ன, நம் ஐயர்கள் எப்படி நியமனம் பெறுவார்கள், சொத்து ஒப்பந்தம் எழுதாதவர்களுக்கு எந்த முறை பொருந்தும் என்ற மூன்று கேள்விகளோடு படியுங்கள்.

கருத்து அனுப்புவது

துறை வெளியிடும் வரைவுக்கு அனுப்பிய கருத்து, நாடாளுமன்றக் குழுவுக்குத் தானாகப் போய்ச் சேராது. குழுவுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். 76-ஆம் பிரிவு மசோதாவென்றால் மாகாணச் சட்டமன்றத்துக்கு மூன்றாம் முறை. ‘ஏற்கெனவே எழுதிவிட்டோமே’ என்று இருந்துவிடுவதால்தான் நம் சமூகத்தின் கடிதம் கோப்பில் இல்லாமல் போகிறது. கடிதத்தில் நாம் யார் என்பது ஒரு பத்தி. பிறகு கூறு எண், அதனால் யாருக்கு என்ன நேரும், அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும். நேரில் பேச விரும்பினால் அதையும் எழுதுங்கள், எழுதாவிட்டால் அழைக்கமாட்டார்கள். ஒரே அச்சில் ஆயிரம் கடிதம் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. சுகாதாரக் காப்பீட்டுக்கு லட்சக்கணக்கில் வந்தன. அத்தகைய குவியலை ஒரே தலைப்பில் தொகுத்துவிடுவது குழுச் செயலகத்துக்கு எளிது. மாற்று வாசகத்தோடு வந்த ஒற்றைக் கடிதத்துக்கு அப்படிச் செய்வது கடினம்.

சங்கம் எந்த மசோதாவுக்கும் ஆதரவோ எதிர்ப்போ சொல்லித் தாள் வெளியிடவில்லை. கருத்துக் கடிதம் தனி, அது பொதுக்குழு ஒப்புதலோடு தனித்தாளில் போகும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். முதலாவது, ஒப்பிட்டுப் படிக்க ஆள் போதவில்லை. வழக்கறிஞர் அலுவலகங்களிலோ உள்துறையிலோ பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் பெயர் கொடுக்கவும். இரண்டாவது, பழைய எண் கொண்ட தாள்கள் இன்னும் கோவில் அறிவிப்புப் பலகைகளில் தொங்குகின்றன. பகுதிப் பொறுப்பாளர்கள் அவற்றை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியபின் எனக்குத் தெரிவிக்கவும். திருமண மசோதா தாளின் புதிய பிரதிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. ஐயர்களுக்கெனத் தனிக்கட்டு வைத்திருக்கிறோம், கையெழுத்திட்டு வாங்கிச் செல்லவும்.

செயலாளர்