கோடியக்கரைக்காரர்களுக்கு எங்கள் வீட்டின் நன்றி

கோடியக்கரை, கோடியக்காடு மக்களுக்கும், அங்கே காவல் பணியில் இருந்த வனத்துறை நண்பர்களுக்கும், பறவை பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு தங்கைகளுக்கும், எங்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர் அண்ணனுக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்த கையோடு, சம்பா அறுப்புக்கு மிஷின் வருவதற்கு முன்னால், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய உங்கள் ஊருக்கு வந்த குடும்பம் நாங்கள். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, அவரைச் சுற்றி மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கடைசியாக என் தங்கையின் இடுப்பில் 3 வயதுக் கொள்ளுப்பேத்தி என்று சொன்னால் நினைவுக்கு வரும். உங்களில் சிலரிடம் பெயர் கேட்டபோது சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டீர்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்களைத் தெரிந்த யாராவது இதைப் படித்துக் காட்டினால் போதும்.

எங்கள் அப்பாயிக்கு 88 வயது. கல்யாணமான புதிதில் ஆடி அமாவாசைக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு கோடியக்கரைக்கு வந்து கடலில் முழுக்குப் போட்டவர். திருத்துறைப்பூண்டியில் ஒரு ராத்திரி, வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்கி வருவார்களாம். வண்டிக்குள்ளிருந்து முறுக்குக் கொம்போடு ஒரு கறுப்பு மானைப் பார்த்ததை எங்கள் எல்லோருக்கும் சோறூட்டும்போது சொல்லியிருக்கிறார். முட்டி போன பிறகு வாசலைத் தாண்டுவதே அரிதாகிவிட்டது. “புள்ளைங்களோட ஒரு தடவை போயிட்டு வந்துடணும்” என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த பேச்சு.

சொந்தத்திலேயே பலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. இதற்கு முன் வேறோர் இடத்துக்கு அப்பாயியைக் கூட்டிப்போனபோது, நுழைவாயிலில் இருந்த ஒருவர், “இவ்வளவு வயசானவங்களை எதுக்குக் கூட்டிட்டு அலையறீங்க?” என்று அவர் காதுபடவே கேட்டுவிட்டார். எந்த இடம் என்பது இப்போது முக்கியமில்லை. அன்று வீடு திரும்பிய அப்பாயி நெடுநாள் எங்கேயும் கிளம்பவில்லை. உங்கள் ஊரில் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை இருந்தோம். ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முதலில் அதற்கு நன்றி.

ஓட்டுநர் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். அப்பாயியின் நிலையைப் போனில் சொன்னதும், வேனின் நடு வரிசை இருக்கையைக் கழற்றிவிட்டு, தன் வீட்டு மெத்தையையே விரித்துக்கொண்டு வந்தார். “வெயில் ஏறிட்டா மான் புதருக்குள்ள போயிடும், நாலு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்” என்றார், நின்றது. ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் முன்னால் “பாட்டியைப் புடிச்சுக்குங்க” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் இறக்கினார். காட்டு எல்லைக்குள் நுழைந்தது முதல் திரும்பும் வரை ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

விடிகிற நேரத்தில் அகத்தியம்பள்ளியில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மழைக்காலம் முடிந்து உப்பளங்களில் பாத்தி சீர் செய்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா பிள்ளைகளை இறக்கி, 1930-இல் ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் நடந்தே இங்கே வந்து, ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளிய கதையைச் சொன்னார். அவர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது, இடம் கொடுக்கக்கூடாது என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டாராம். நம் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். “கட்டுனது யாருன்னு தெரியாதா?” என்று அண்ணன் மகன் கேட்டான். “தெரியாதுடா” என்றார் பெரியப்பா. அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை, வெகுநேரம் கேட்டுக்கொண்டே வந்தான்.

அடுத்து, அந்த வேட்டைத் தடுப்புக் காவலர். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சோதனைச் சாவடியில் மெத்தையில் படுத்திருந்த அப்பாயியை எட்டிப் பார்த்தவர், “ஆத்தா, மானு பாக்க வந்தீங்களா? கண்ணு நல்லா தெரியுதுல்ல?” என்று நேராக அவரிடம்தான் பேசினார். பெரியவர்களை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற வழக்கத்தையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயம். “வண்டிய விட்டு யாரும் இறங்க வேணாம். சத்தம் இல்லாம ஒரு பத்து நிமிஷம் இருந்தா அதுவே வரும்” என்று சொல்லிவிட்டு, எங்களோடு ஏறிக்கொண்டு புல்வெளி ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார்.

பத்து நிமிடம் ஆகவில்லை. முதலில் பழுப்பு நிறப் பெண்மான்கள், கொம்பில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அந்தக் கிடா. முதுகு கன்னங்கரேல் என்று, வயிறு வெள்ளை வெளேர் என்று, கொம்பு இரண்டும் திருகித் திருகி மேலே போனபடி. அப்பாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் தூக்கிவிடவில்லை.

காவலர் மெதுவான குரலில் சொன்னதெல்லாம் பிள்ளைகளுக்கு இன்னும் மனப்பாடம். கிடா தன் இடத்தை மற்ற கிடாக்களுக்குக் காட்ட ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்து வைக்குமாம். கண்ணுக்குக் கீழே இருக்கிற சுரப்பியைச் செடியில் தேய்த்து வாசனை வைக்குமாம். இந்த வெளிமானுக்குத் திறந்தவெளி வேண்டும், தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடுவதுதான் அதன் பலம். அதனால் சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் பரவுவது அதற்கு எமன் என்றார். 1967-இல் இந்தச் சரணாலயத்தை ஏற்படுத்தியதே இந்த மானைக் காப்பாற்றத்தான். தெருநாய்கள் குட்டிகளைத் துரத்துவதைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மாறிவிட்டது. தன் வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறவரின் கவலை அது.

வழியில் மட்டக்குதிரைகள் நின்றன. “இதுங்க வீடு எங்க?” என்று எங்கள் கொள்ளுப்பேத்தி குட்டி கேட்டாள். ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வம்சம், இப்போது காடுதான் வீடு என்று அதையும் பொறுமையாகச் சொன்னார். குரங்குக்கு முறுக்கு நீட்டப்போன என் மகனின் கையை அவர் தட்டிவிடவில்லை. “நீ குடுத்தா அது ரோட்டுக்கு வரும், ரோட்டுக்கு வந்தா வண்டில அடிபடும்” என்றார். அவன் முறுக்கை உள்ளே வைத்துவிட்டான்.

அப்பாயி அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: “தம்பி, பாலைப் பழம் இன்னும் இருக்கா?” காவலர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய் ஒரு பாலை மரத்தின் இலையைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார், கீழே உதிர்ந்து கிடந்ததுதான். “இப்ப காயில்ல ஆத்தா, வெயில் காலத்துல வாங்க” என்றார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தபோது எத்தனையோ பழைய மரங்கள் சாய்ந்ததையும், வெளிமான்கள் பல செத்துப்போனதையும் அப்போதுதான் சொன்னார். எங்கள் பக்கமும் தென்னை முழுதும் போன இரவு அது. சித்தப்பா எதுவும் பேசாமல் அவர் தோளில் கை வைத்தார். சாய்ந்த மரங்களை அகற்றி, வழி உண்டாக்கி, மிச்சமிருந்த உயிர்களுக்குத் தண்ணீர் வைத்து இந்தக் காட்டை மீட்ட உங்கள் எல்லோருக்கும், நாங்கள் நேரில் பார்க்காதவர்களுக்கும் சேர்த்து, டெல்டாக்காரர்களாக நன்றி சொல்கிறோம்.

மதியத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் பலர் வெளியே கிளம்பாமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். கழிப்பறை. அப்பாயியால் கீழே குத்துக்காலிட்டு உட்கார முடியாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மறுத்துக்கொண்டே வந்தார். கோடியக்காட்டில் ஒரு வீட்டு வாசலில் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதும், அந்த அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து கழுவிப் போட்டார். “எங்க மாமியாருக்கு வாங்குனது. அவங்க போய்ச் சேந்துட்டாங்க. தூக்கிப் போட மனசு வரல, நல்லதாப் போச்சு பாருங்க” என்றார். அப்புறம் திண்ணையில் பாய் விரித்து, மின்விசிறியை இழுத்து வைத்து, குட்டிக்குப் பால் காய்ச்சி, எங்கள் புளிசோற்றுக்குத் தன் வீட்டு மீன் குழம்பையும் ஊற்றினார். அப்பாயி இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே அசந்து தூங்கினார். காசு நீட்டிய அப்பாவை அந்த அக்கா பார்த்த பார்வையில் அவர் கையை மடக்கிக்கொண்டார்.

அக்கா, அன்றைக்கு அந்த நாற்காலி இல்லையென்றால் நாங்கள் மதியமே திரும்பியிருப்போம். கடலும் இல்லை, பூநாரையும் இல்லை.

சாயங்காலம் கடற்கரையில் சக்கர நாற்காலி மணலில் புதைந்துகொண்டது. முன்சக்கரம் சின்னது, நகரவே இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவத் தம்பிகள் நான்கு பேர் கூப்பிடாமலே எழுந்து வந்தார்கள். ஒருவர் டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்தார், இன்னொருவர் இரண்டு மூங்கிலை அதன் கைப்பிடிக்குக் கீழே வைத்து வலைக்கயிற்றால் கட்டினார். கட்டிய பிறகு அதில் தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்பாயியை உட்காரவைத்தார். ஈரமணலும் சேறும் கலந்த கரையில் அடி மேல் அடி வைத்து அலை வரும் இடம் வரை தூக்கிப்போனார்கள். கால் நனைந்ததும் அப்பாயி, “தலையிலயும் ரெண்டு கை ஊத்துங்கடா” என்றார். தம்பிகளில் ஒருவரே அள்ளி ஊற்றினார். அப்பாயி கும்பிட்டபோது அந்த நான்கு பேரும் பதறிப்போய், “நீங்க எங்களக் கும்பிடலாமா” என்று விலகிய காட்சியை எங்கள் வீட்டில் யாராலும் மறக்க முடியாது.

வெயில் தாழும் நேரத்துக்குச் சதுப்பு நிலத்தின் ஓரம் வந்தோம். வண்டியிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் பூநாரைக் கூட்டம் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கோடாகத்தான் தெரிந்தது. பறவை ஆராய்ச்சி மாணவிகள் இருவர் முக்காலியில் பெரிய தொலைநோக்கியை வைத்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையில் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்கள் தள்ளியே நின்றோம். அவர்களில் ஒருவர் நோட்டை மூடிவிட்டு வந்து, “பாட்டி பாக்குறாங்களா?” என்று கேட்டார். முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாகக் குறுக்கி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாயியின் கண் உயரத்துக்கு இறக்கினார். எந்தக் கண்ணில் ஆபரேஷன் ஆனது என்று கேட்டு, நல்ல கண்ணுக்கு ஏற்றபடி திருகிக்கொடுத்தார். அப்பாயி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “தலகீழாத் தின்னுதே!” என்றார்.

அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றையும் உப்புநீரையும் வடிகட்டி, சின்னச் சின்ன இறாலையும் பாசியையும் பூநாரை தின்னும் விதத்தை அந்த மாணவித் தங்கை சொன்னார். அந்த உணவிலிருந்துதான் இறகுக்கு ரோஜா நிறம் வருகிறதாம், குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தானாம். கரையோரம் ஓடிக்கொண்டிருந்த குட்டி உள்ளான்கள் சைபீரியப் பக்கத்திலிருந்து வந்தவை என்றதும் பெரியப்பா நம்பாமல் மறுபடி கேட்டார். இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவதையும், அப்படித்தான் அவற்றின் வழி தெரியவந்தது என்பதையும் விளக்கினார்கள். போனில் வளையம் போட்ட காலின் படத்தைப் பார்த்த குட்டி தன் காலை நீட்டி, “அதுவும் கொலுசு போட்டிருக்கு” என்றாள். 2002-இல் இந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்ற செய்தியை நான் எப்போதோ படித்திருக்கிறேன். அது எதற்காக என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான், அந்தப் பிள்ளைகள் காட்டிய ஆசையால்.

தங்கைகளே, பாட்டி தொலைநோக்கியில் பார்க்கிற படத்தை அனுப்பச் சொன்னீர்கள். எண் எழுதிக்கொடுத்த தாள் கடல்நீரில் நனைந்து அழிந்துவிட்டது. அந்தக் கோடியக்காட்டு அக்கா வீட்டில் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்து வைக்கிறோம், அந்தப் பக்கம் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் அண்ணன், உங்கள் மெத்தையைத் துவைத்து உறை மாற்றி வைத்திருக்கிறோம். அடுத்த சவாரிக்கு முன் சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.

சம்பா அறுப்பு முடிந்து, நெல் அவித்து அரைத்ததும், சித்திரையில் மறுபடி வருகிறோம். பாலைப் பழம் இருக்கும் என்று காவலர் சொன்ன சொல்லை அப்பாயி பிடித்துக்கொண்டிருக்கிறார். காவலருக்கும், அக்காவுக்கும், அந்த நான்கு தம்பிகளுக்கும் ஆளுக்கொரு மூட்டை புது அரிசி வண்டியில் இருக்கும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அப்பாயியின் பேத்தி,
எங்கள் வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகள் அனைவரின் சார்பில்.