அக்கா வெளிநாடு போனால் தங்கை கெட்டவளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிறு இதழ் திங்கட்கிழமை பின்னேரம், தேநீர் நேரத்தில்தான் என் கைக்கு வரும். முதலில் திறப்பது சிறுகதைப் பக்கம். பதினைந்து வருடமாக அப்படித்தான்.

போன மாதம் கடையில், வெளிநாடு போன அக்காவின் வீட்டைத் தங்கை கெடுக்கிற ஒரு கதையைச் சத்தமாக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் பொத்தான் தைக்கிற பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கடிதம்.

நகரத்துக் கதைகளில் அக்கா தங்கை வந்தாலே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா குவைத்துக்கோ சவூதிக்கோ போவாள். பிள்ளைகளைப் பார்க்கத் தங்கை வந்து நிற்பாள். கொஞ்ச நாளில் அத்தானின் பார்வை மாறும். அக்கா அனுப்பின காசில் தங்கையின் கழுத்தில் சங்கிலி ஏறும். அக்கா திரும்பி வந்து வாசலில் நிற்பதோடு கதை முடியும். வீடு கொழும்பில் வெள்ளவத்தை மாடியிலும் இருக்கும், எங்கள் ஊரிலும் இருக்கும். முடிவு மட்டும் மாறாது. அப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. நடந்த ஒரு வீட்டை எனக்கும் தெரியும். மற்றத் தங்கைகள் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

என் அக்கா 2014இல் குவைத்துக்குப் போனா. அத்தானின் படகுக்கு என்ஜின் வாங்கிய கடன், அதை அடைக்க எடுத்த கிழமைக் கடன். காசு வாங்க வருகிற பெடியனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளைகளே கதவைச் சாத்தப் பழகியிருந்தார்கள். அந்தக் காலத்தில், 2013இலிருந்து, வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற பெண் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அப்போது விடவில்லை. சின்னவனுக்கு ஐந்து முடியும் வரைக்கும் அக்கா தோடு, காப்பு, கடைசியில் தாலிக்கொடி என்று ஒவ்வொன்றாக அடகு வைத்து வட்டி கட்டினா. பிறகு பிரதேச செயலகத்தில், தாய் இல்லாத காலத்தில் பிள்ளைகளை நான் பார்ப்பேன் என்று கையெழுத்து வைத்தேன். எனக்கு அப்போது 26 வயது. பேசி வந்த ஒரு சம்பந்தம், "பிள்ளையளோடயா வரப்போறா?" என்ற கேள்வியோடு நின்றுபோனது. அதை அக்காவுக்கு நான் சொல்லவே இல்லை.

அத்தான் கடற்தொழில் செய்பவர். அக்கா விமானம் ஏறின அன்றே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு தாயார் வீட்டுக்குப் போய்விட்டார். விடியக் கரைக்கு வந்ததும் கறிக்கு மீனை எங்கள் படலையில் கொழுவிவிட்டு, பிள்ளைகளோடு முற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். நான்கு வருடம் அப்படி. இப்படி ஒரு அத்தானை நான் எந்தக் கதையிலும் காணவில்லை.

அக்கா அனுப்பிய காசுக்குக் கொப்பி போட்டு எழுதினேன். பால்மா, ரியூசன் காசு, சப்பாத்து, கடன் தவணை. வெள்ளிக்கிழமை அழைப்பு வரும்போது வாசிக்கத் தொடங்கினால், "கணக்கை விடு, பிள்ளையள் என்ன சாப்பிட்டவை எண்டு சொல்லு" என்பா. கணக்கு வாசிக்காத நாளில் எனக்கு நித்திரை வராது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வலி எங்கே இருந்தது என்று எழுத வேண்டுமென்றால், அது காசில் இல்லை.

பிள்ளைகள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவன் வளர வளர 'சின்ன'வை விழுங்கிவிட்டான். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டும். 2018இல் அக்கா திரும்பி வந்த இரண்டாம் கிழமை, நடுச்சாமத்தில் அவனுக்குக் காய்ச்சல். "அம்மா" என்று கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் எழும்பினோம். அக்கா கிட்டப் படுத்திருந்தா, அவதான் முதலில் போனா. அவன் அக்காவைத் தாண்டி என் சட்டையை எட்டிப் பிடித்தான்.

விடிந்ததும் அக்கா தேங்காய் துருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா: "பிட்டை நீயே போட்டுக் குடு. அவன்ர அளவு எனக்குத் தெரியாது." மூன்று நாள் அதற்குமேல் பேச்சில்லை. எனக்கும் கோபம்தான். வளர்த்தவள் நான் என்ற கோபம். அக்காவுக்கு முன்னால் அப்படி நினைத்தேனே என்று இன்னொரு பக்கம் வெட்கம்.

பிறகு 2022. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆக்கினார்கள். அக்கா திரும்பவும் குவைத்துக்கு என்றா. இந்த முறை நான் போகிறேன் என்றேன். எங்கள் வாழ்க்கையில் நடந்த பெரிய சண்டை அதுதான், யார் போவது என்று. பக்கத்து வீட்டார் விலக்க வந்தார்கள். கோப்பை உடைந்தது. அக்கா என் பாஸ்போட்டை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து, அதன்மேல் மூடியைப் போட்டு ஏறி இருந்துகொண்டா. இரண்டு பேரும் போகவில்லை. நான் கடையில் இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட்டித் தைத்தேன், அக்கா விடிய இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தா.

கதை எழுதுகிறவர்களே, எழுதுவதற்கு முன் ஒரு தங்கையிடம் உட்கார்ந்து கேளுங்கள். எங்களை நல்லவர்களாகக் காட்டச் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் இரவில் நான் நல்லவளாக இருக்கவில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்ப முன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். காய்ச்சல் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னா. அடுப்படிக்குப் போய்விட்டு வந்து, "அதையும் போடு" என்றா.

ஒரு தங்கை,
திருக்கடலூர், திருகோணமலை.