முதலில் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள்

மாநகராட்சி மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தக் கூடுதல் நிதி தரும் தீர்மானமும், பொதுக் கட்டடங்களின் பராமரிப்புத் தொகையைக் குறைக்கும் தீர்மானமும் ஒரே கூட்டத்தில் நிறைவேறின. பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை. கை உயர்த்தியவர்கள் நீங்கள்தாம்.

எங்கள் பகுதி நூலகத்தின் கழிப்பறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 11 மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று கதவில் ஓர் அறிவிப்பு. பணி நடந்ததை யாரும் பார்த்ததில்லை. எழுத்துகள் வெளுத்துப்போய், இப்போது அறிவிப்புக்கே பராமரிப்பு தேவைப்படுகிறது.

என் அம்மாவுக்கு 74 வயது. நாள்தோறும் நாளிதழ் படிக்க அங்கே போவார். சென்ற வாரம் வாசிப்பறையிலேயே மயங்கிச் சரிந்தார். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்றார் மருத்துவர். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கழிப்பறையைப் பூட்டிய நாள் முதல், நூலகம் போய்த் திரும்பும்வரை அவர் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லையாம். “அங்கே போய் அவசரமென்றால் யாரிடம் கேட்பது?” என்றார், தவறு தன்மீது என்பதுபோல. அங்கு வரும் மற்றப் பெண்களும் அப்படித்தானாம். தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

ஆகவே கேட்கிறேன்: அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள்.

சாலை, புதிதாக ஒன்றை உருவாக்கும் மூலதனச் செலவு; பழுதுபார்ப்பது, அன்றாடம் நடத்தும் வருவாய்ச் செலவு; ஒன்றுக்கு வாங்கிய கடனை மற்றதில் போட முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சரி. அந்தக் கடனுக்கு வட்டி எங்கிருந்து போகிறது? வருவாய்க் கணக்கிலிருந்துதானே? குழாய்க்கும் கூரைக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் உரிய அதே பையிலிருந்து. புதுச் சாலையும் நாளை குண்டும் குழியுமாகும்போது அந்தப் பைக்குள்தான் கையை விடும்.

சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெரிசல் தீர்ந்துவிடும் என்கிறீர்களே, அதைத்தான் நம்ப முடியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை விரித்து 2008-இல் பணியை முடித்தார்கள். சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே மாலை நேரப் பயணம் மறுபடி நீளத் தொடங்கியது. தென்கொரியாவின் சியோலிலோ 2003-இல் ஓர் உயர்மட்டச் சாலையை இடிக்கத் தொடங்கி, அதன் அடியில் மூடிக் கிடந்த ஓடையை 2005-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நீங்கள் எதையும் இடிக்க வேண்டாம். ஒரு கதவைத் திறந்தால் போதும்.

சாலைக்கு அடிக்கல் உண்டு, அதில் பெயர் பொறிக்கலாம். குழாய் வாஷரில் அதற்கு இடமில்லை. இதுதான் தடையென்றால், கழிப்பறைச் சுவரில் உங்கள் அனைவர் பெயரையும் பளிங்கில் பதித்துத் தர வாசகர்கள் நாங்களே பணம் திரட்டுகிறோம். வெட்டுவதற்கு ரிப்பனும் எங்கள் செலவு.

வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு அடுத்த தவணை ஒதுக்குமுன் பராமரிப்புத் தொகையைப் பழையபடி ஆக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கழிப்பறை மட்டும் அதுவரை தாங்காது. உடைந்திருப்பது ஒரே ஒரு கழிவுநீர்க் குழாய். சாவி நூலகரிடம் இருக்கிறது. பிளம்பரைக் காலையில் நூலகம் திறக்குமுன் அனுப்பினால், படிப்பவர்களுக்கும் இடைஞ்சல் இராது.

இப்படிக்கு,
அந்த நூலகத்து வாசகி ஒருவரின் மகள்